கிளட்சைத் தேய்த்தது யார்?

வண்டி கத்தியது. ஆனால் ஓடவில்லை.

அம்மா ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க, இன்ஜின் 'கீ...' என்று உச்சக் குரலில் அலறியது. கொஞ்ச நாளாகவே இப்படி அவ்வப்போது கத்தும் வண்டி, இன்று பாலத்து ஏற்றத்தின் பாதியில், பத்திரிகை வைக்காத தாய்மாமன் போல முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

"எறங்கு கண்ணு. மேல வரைக்கும் நடந்துடு. நான் தள்ளிகினு வரேன்," என்றார் அம்மா.

அம்மாவைத் தனியாகத் தள்ள விட அன்பரசிக்கு மனம் வருமா? புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, அவளும் பின்னாலிருந்து தள்ளினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், பள்ளி விட்டு வீட்டுக்குப் போகும் நேரம். ஆறாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்போது புல்லுக்கட்டோடு சைக்கிளில் ஒருவர் வந்தார். அவரும் ஏற்றத்தில் முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வந்தார். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பொம்பளைக்கு இன்னாத்துக்கும்மா மோட்டார் பைக்கு? பஸ்சுல போறதுதானே!"

"அந்த ஊருக்கெல்லாம் பஸ்ஸு எங்க கீது?" என்று அன்பரசி சட்டென்று கேட்டாள். அதற்குள் அவர் பாலத்து உச்சியில் சைக்கிள் ஏறிப் பறந்துவிட்டார்.

அன்பரசி சொன்னது நிஜம். அம்மா ஜெசிந்தா கிராம சுகாதார நர்ஸ். செய்யூரைச் சுற்றி ஒன்பது ஊர்களுக்கு அவர்தான் தடுப்பூசி போடுகிறார். அதில் ஆறு ஊர்களுக்குப் பஸ்ஸே கிடையாது. சவுக்குத் தோப்பு வழியாகவும், வேர்க்கடலைக் காட்டு வழியாகவும் மண் பாதையில்தான் போக வேண்டும்.

அப்பா கிருபாகரனுக்கு நாவலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் கார் டிரைவர் வேலை கிடைத்தது. அங்கேயே தங்கிக்கொண்டு, பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். அவருடைய பைக் வீட்டில் சும்மா நின்றது. அம்மா அதைத் தோப்புப் பாதையில் தானாகவே ஓட்டிப் பழகினார். முழங்காலில் மூன்று முறை அடிபட்டது. நான்காவது முறை விழவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷமாக விழவே இல்லை.

பாலத்தைத் தாண்டினால் தனகோடியின் பைக் ரிப்பேர் கடை. அதை ஒட்டி எல்லம்மாளின் டீக்கடை. சாயங்காலமானால் அங்கே பத்துப் பேராவது உட்கார்ந்திருப்பார்கள்.

"அண்ணே, ஆக்சிலேட்டர் குடுத்தா இன்ஜின் மட்டும் கத்துது. வண்டி போக மாட்டேங்குது," என்றார் அம்மா.

தனகோடி முக்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "கிளட்ச் ஸ்லிப் ஆவுது நர்சம்மா. ஆஃப் கிளட்சுல ஓட்டிகினு இருந்தா இன்னா ஆவும்? இதான் ஆவும்!" என்றார்.

நாடி பிடிக்காமலே நோயைச் சொல்லும் வைத்தியரை அன்பரசி அன்றுதான் பார்த்தாள்.

கிளட்ச் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். இடது கைப்பக்கம் ஒரு லீவர் இருக்கும். உள்ளே சில வட்டத் தட்டுகள், பிளேட்டுகள், ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு இன்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்கு அனுப்பும். லீவரை அழுத்தினால் பிடி விட்டுவிடும். கியர் மாற்றும்போது மட்டும் அழுத்த வேண்டும். பாதி அழுத்தியபடியே ஓட்டினால் பிளேட்டுகள் உரசி உரசித் தேய்ந்துபோகும். அதைத்தான் ஆஃப் கிளட்ச் என்பார்கள்.

"அண்ணே, நான் அப்படி ஓட்டறதில்லையே," என்றார் அம்மா.

தனகோடி வேண்டாவெறுப்பாக எழுந்து வந்து கேபிளைப் பார்த்தார். லீவரை ஆட்டிப் பார்த்தார். "கேபிள்ல ஒண்ணியும் கொற இல்ல. லீவர்ல ரெண்டு ரூவா காசு நுழையற அளவுக்கு எடம் கரெக்டா கீது. அப்ப இன்னா அர்த்தம்? உள்ள பிளேட்டு தேஞ்சி போச்சி. பொம்பளைங்க கை எப்பவும் கிளட்சு மேலயே குந்திகினு இருக்கும். பயம்!"

கடைசி வார்த்தையை அவர் டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். டீக்கடை சிரித்தது.

"எங்கம்மா கை லீவர் மேல இருக்காது! நான் பின்னால உக்காந்து தினமும் பாக்கறேன். நாலு விரலும் கைப்பிடியச் சுத்திதான் இருக்கும்!" என்று அன்பரசி கத்தினாள்.

"சின்னப் பொண்ணு நீ. உனக்கு இன்னா தெரியும்?" என்றார் தனகோடி. டீக்கடை இன்னொரு முறை சிரித்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ரிப்பேர் பார்க்கத் தெரியாதவருக்கு அம்மாவின் கைதான் கோணல் போலிருக்கிறது! அன்பரசிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அழுதால் அதற்கும் சிரிப்பார்களே என்று அடக்கிக்கொண்டாள்.

அம்மா வண்டியை வீடு வரை உருட்டிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் ஒரு துணியை எடுத்து வண்டியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"நீ ஏம்மா அவருகிட்ட சண்டை போடல?"

"விடு கண்ணு. எத்தினி பேரு வாயை மூட முடியும்?"

"ஒருத்தரு வாயையாவது மூடலாம் இல்ல?"

அம்மா சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. காலை பஸ்ஸில் அப்பா வந்தார். வீட்டுக்கு வரும் முன்பே எல்லம்மாள் கடையில் டீ குடித்திருக்கிறார். டீயோடு சேர்த்துச் செய்தியையும் குடித்திருக்கிறார்.

"ஜெசி, ஊரே பேசுது. கிளட்ச் பிளேட்டயே தேச்சிட்டியாமே," என்று வாசலிலேயே ஆரம்பித்தார். "அந்தப் பாலத்துல மணல் லாரி எப்படி வருது தெரியுமா? நடுவுல வண்டி நின்னுபோச்சின்னா? எனக்கு அங்க தூக்கம் வராது. நான் முடிவு பண்ணிட்டேன். கடப்பாக்கத்துல ஒருத்தரு பைக்கு கேட்டுகினு இருந்தாரு. போன்ல பேசிட்டேன். நாலு மணிக்கு தனகோடி கடைக்கே வந்து பாக்கறாரு. அதுக்குள்ள புது பிளேட்டு போட்டு வெச்சிடலாம்."

அம்மாவின் முகம் வெளுத்தது. "அப்ப என் ஊருங்க?"

"மேல எழுதிக் குடு. ஜீப்பு இருக்கறவங்க யாரையாவது போடுவாங்க. நீ பஸ்ஸு போற மூணு ஊர மட்டும் பாரு."

அந்த ஆறு ஊர்களில் எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி எப்போது என்று அம்மாவுக்கு மனப்பாடம். ஊசியைப் பார்த்து ஓடுகிற குழந்தை எந்த மரத்தில் ஏறி ஒளியும் என்பது கூடத் தெரியும். அந்த ஊர்களை அம்மாவிடமிருந்து பிடுங்குவதா? அதுவும், செய்யாத குற்றத்துக்கு?

"அப்பா, இது அநியாயம்!" என்றாள் அன்பரசி.

"பெரியவங்க பேசறப்ப நடுவுல வராத," என்றார் அப்பா.

பத்து மணிக்கு மூன்று பேரும் வண்டியை உருட்டிக்கொண்டு தனகோடி கடைக்குப் போனார்கள். அம்மா டீக்கடை பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். எல்லம்மாள் கேட்காமலே ஒரு டீயைக் கையில் கொடுத்தார். அன்பரசி மட்டும் பைக்கின் பக்கத்திலேயே நின்றாள்.

"எவ்ளோ மோசம்னு நீயே பாரு அண்ணாத்த," என்று தனகோடி அப்பாவிடம் சொல்லிவிட்டு, வண்டியின் முன் சக்கரத்தைக் கடைச் சுவரில் முட்டும்படி நிறுத்தினார். மேலே ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்து, டாப் கியரைப் போட்டார். "இப்ப கிளட்ச மெதுவா விடறேன். வண்டி முன்னால போவ எடம் இல்ல. கிளட்சு நல்லா இருந்தா இன்ஜின் டொக்குன்னு நின்னு போவணும்."

லீவரை முழுவதும் விட்டார். இன்ஜின் நிற்கவில்லை. ஒன்றும் நடக்காதது போல உறுமிக்கொண்டே இருந்தது.

"பாத்தியா? எல்லாம் நர்சம்மா கை வேலை!"

"மாமா," என்றாள் அன்பரசி. "இப்ப கிளட்ச யாரு புடிச்சிகினு இருக்கறது?"

"யாரும் இல்ல. நான்தான் விட்டுட்டேனே."

"எங்கம்மா எங்க இருக்காங்க?"

தனகோடி திரும்பிப் பார்த்தார். "அதோ, டீ குடிச்சிகினு கீறாங்க."

"அப்ப அவங்க கை இங்க எப்படி வந்துச்சி?"

எல்லம்மாள் 'களுக்'கென்று சிரித்தார். தனகோடிக்கு அது பிடிக்கவில்லை. "இப்ப வரலம்மா. முன்னாடியே தேச்சி வெச்சிட்டாங்க. உள்ள பிளேட்டு தகடாட்டம் இருக்கும், வா காட்டறேன்!"

"காட்டுங்க," என்றாள் அன்பரசி. "புது பிளேட்டயும் எடுத்துப் பக்கத்துல வெச்சிக் காட்டுங்க."

தனகோடி ஆயிலை ஒரு தட்டில் வடித்தார். இன்ஜினின் வலதுபக்க மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த பிளேட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். நான்கு பழைய பிளேட்டுகளை ஒரு பலகை மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பக்கத்தில் பெட்டியைப் பிரித்து நான்கு புதிய பிளேட்டுகளை அடுக்கினார்.

அன்பரசி முழங்கால் போட்டு உட்கார்ந்து, கண்ணைப் பலகை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். இரண்டு அடுக்கும் ஒரே உயரம்!

"அப்பா, இங்க வந்து பாருங்க! எது பழசு, எது புதுசுன்னு சொல்லுங்க பாக்கலாம்!"

அப்பா குனிந்து பார்த்தார். தனகோடியும் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"தேயவே இல்லியே," என்று முணுமுணுத்தார். "ஆஃப் கிளட்ச்ல ஓட்டியிருந்தா இப்படி இருக்காதே. ஆனா இது இன்னா, விரால் மீனாட்டம் வழுக்குது?"

அவர் கையிலிருந்த பிளேட் நழுவி மண்ணில் விழுந்தது.

அன்பரசி யோசித்தாள். பிளேட் தேயவில்லை. கேபிளும் சரி. அம்மா இரண்டு வருஷமாக ஓட்டுகிறார். அப்போதெல்லாம் இல்லாத வியாதி இப்போது எப்படி வந்தது? முதல் தடவை இன்ஜின் கத்தியது எந்த நாள்? திங்கட்கிழமை. அன்று கணக்குப் பரீட்சை. பள்ளிக்குத் தாமதமாகிவிடுமோ என்று அவள் பயந்தாள். அப்படியென்றால் இரண்டு வாரத்துக்கு முந்தைய திங்கட்கிழமை.

அதற்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, என்ன நடந்தது?

நினைவு வந்ததும் அவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அன்று அப்பா பனியனோடு வாசலில் உட்கார்ந்து வண்டிக்கு ஆயில் மாற்றினார். பளபளக்கும் ஒரு டப்பாவைத் தூக்கிக் காட்டி, "ஆபீஸ் பெரிய காருக்கு ஊத்துறது ஜெசி! மிச்சம் இருந்தத மேனேஜரே வெச்சிக்கோன்னு குடுத்தாரு. இனிமே உன் வண்டி ஏரோப்ளேன் மாதிரி போவும்!" என்றார். அப்பாவின் முகத்தில் அன்று அவ்வளவு பெருமை.

சொல்லலாமா, வேண்டாமா? சொன்னால் அப்பாவுக்கு அவமானம். சொல்லாவிட்டால்? அம்மா பெஞ்சின் ஓரத்தில் ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம் ஓரிடம், பழி ஓரிடமா?

"மாமா," என்றாள் அன்பரசி. "பைக்குக்குக் கார் ஆயில் ஊத்தலாமா?"

தனகோடி சட்டென்று நிமிர்ந்தார். தட்டில் வடித்த ஆயிலை விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "யாரு ஊத்துனது?"

அப்பா இருமினார். இருமல் இல்லாமலே இருமினார்.

"அது... உசத்தி ஆயிலு தனகோடி. பெரிய காருக்கே அத்தத்தான் ஊத்தறோம்."

தனகோடி நெற்றியில் அடித்துக்கொண்டார். கரியும் ஆயிலும் நெற்றியில் பட்டையாக ஒட்டிக்கொண்டன. "அடப் பாவி அண்ணாத்த! கார்ல கிளட்சு தனியா, காஞ்ச எடத்துல கீது. ஆயிலு அத்தத் தொடவே தொடாது. பைக்குல கிளட்சு இன்ஜின் ஆயில்லயே முழுகிகினு கீது. இந்தக் கார் ஆயில்ல நல்லா வழுக்கறதுக்குன்னே மருந்து கலந்திருப்பான். காருக்கு அது தேவாமிர்தம். இதுக்கு ஊத்துனா பேஜாருதான். ஒரு பிளேட்ட இன்னொண்ணு எப்படிப் புடிக்கும்?"

"எண்ணெய்க் கையோட கயிறு இழுக்கற மாதிரியா மாமா?"

"அதேதாம்மா!"

அப்பா தட்டிலிருந்த ஆயிலையே பார்த்தார். கார் ஓட்டுகிற மனிதர், தன் வீட்டு வண்டியைத் தானே கெடுத்துவிட்டு, பழியை அம்மா தலையில் போட்டு, வண்டியை விற்கவும் ஆள் பார்த்துவிட்டார். அன்பரசிக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"மாமா, நேத்து நீங்க இன்னா ஆயிலுன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேக்கல," என்றார் தனகோடி.

"ஆம்பளை ஓட்டிகினு வந்திருந்தா கேட்டிருப்பீங்களா?"

 தனகோடி பிளேட்டுகளை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்ரோலில் கழுவ ஆரம்பித்தார். ரொம்ப அக்கறையாகக் கழுவினார்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கழுவிய பழைய பிளேட்டுகளை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, பைக்குக்கான ஆயிலில் ஊறப்போட்டார். உள்ளே ஒட்டியிருந்த கார் ஆயிலையும் சுத்தமாகத் துடைத்து எடுத்தார். மத்தியானம் அப்பா வாங்கிவந்த சாப்பாட்டைக் கூட அப்புறம் சாப்பிடலாம் என்று ஒதுக்கி வைத்தார். பிளேட்டுகளைத் திரும்ப மாட்டி, மூடி வழியாக ஆயில் கசியாமல் இருக்கப் புது பேக்கிங் வைத்து முடுக்கி, சரியான ஆயிலை அளந்து ஊற்றினார்.

மறுபடியும் முன் சக்கரம் சுவரில் முட்டியது. டாப் கியர். தனகோடி கிளட்சை மெதுவாக விட்டார்.

டொக்!

இன்ஜின் நின்றது. அன்பரசி இரண்டடி உயரம் குதித்தாள்.

தனகோடி அவள் பக்கம் குனிந்து, "சரி பாப்பா. உங்கம்மா மேல தப்பு இல்ல," என்று மெல்லிய குரலில் சொன்னார்.

"நேத்து இத்தவிடச் சத்தமா சொன்னீங்களே மாமா."

"இன்னாது?"

"நேத்து தப்பு எங்கம்மா மேலன்னு சொன்னப்ப, டீக்கடையில அத்தினி பேருக்கும் கேட்டுச்சி. இப்ப எனக்கே காது கேக்கல."

தனகோடி டீக்கடையைப் பார்த்தார். நேற்று இருந்தவர்களில் பாதிப் பேர் இன்றும் இருந்தார்கள். சாயங்கால டீக்கு மற்றவர்களும் வர ஆரம்பித்திருந்தார்கள். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் துடைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, டீக்கடைப் பக்கம் நடந்தார்.

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றார் சத்தமாக. "நேத்து நான் சொன்னது தப்பு. நர்சம்மா ஓட்டுனதுல ஒரு கொறயும் இல்ல. ரெண்டு வருஷம் ஓட்டியும் பிளேட்டு புதுசாட்டம் கீது. என் வண்டியில கூட அப்படி இல்ல. நான் பாக்காமயே வாய வுட்டுட்டேன். மன்னிச்சிடுங்க நர்சம்மா."

 டீக்கடையில் சிரிக்க யாருக்கும் தைரியம் இல்லை.

அப்பாவும் முன்னால் வந்தார். முகம் சிவந்திருந்தது. "வண்டிய ரிப்பேர் ஆக்குனது நான்தான். கார் ஆயில ஊத்தினேன். ஊத்திப்புட்டு இவளயே சொன்னேன்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிறகு அம்மாவைப் பார்த்து, "ஜெசி, என் மேல தப்பு," என்றார்.

அம்மா சாயங்கால டீயைக் குடித்து முடித்தார். டீ கிளாஸை எல்லம்மாளிடம் கொடுத்தார். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"ஆயிலு நல்ல மனசோடதான் ஊத்துனீங்க. அது எனக்குத் தெரியும்," என்றார். "ஆனா என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம வண்டிய விக்கப் பேசுனீங்க பாரு, அதுதான் எனக்கு வலிச்சிது."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் ஒரு சைக்கிள் வந்து கடைமுன் நின்றது. கடப்பாக்கத்துக்காரர், சொன்னபடி நாலு மணிக்கு வந்துவிட்டார். வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தட்டிப் பார்த்தார். "வண்டி ஜோரா கீது. இன்னா கிருபா, சாவி குடு. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறேன்."

அப்பா பையிலிருந்து சாவியை எடுத்தார். எடுத்தவர் அதை நேராக அம்மாவின் கையில் வைத்தார். "வண்டிக்காரங்க இவங்கதான். இவங்களையே கேளுங்க."

"வண்டி விக்கறதுக்கு இல்லீங்க," என்றார் அம்மா. "திங்கக்கிழமலேர்ந்து ஆறு ஊர்ல கொழந்தைங்க எனக்காகக் காத்துகினு இருக்கும். உங்கள அலைய வெச்சிட்டோம். ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."

அம்மா வண்டியில் ஏறினார். ஒரே உதையில் இன்ஜின் கிளம்பியது. அன்பரசி பின்னால் ஏறி அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கடப்பாக்கத்துக்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"இன்னா கிருபா இது? பொம்பளையா பைக்கு ஓட்டுது?"

அன்பரசி பதில் சொல்லத் திரும்பி வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா, தனகோடி, எல்லம்மாள், டீக்கடை பெஞ்சிலிருந்த அத்தனை பேரும் ஒரே குரலில், "ஓட்டுனா இன்னா?" என்று கேட்டார்கள்.

அன்பரசி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவளுக்குச் சொல்ல ஒன்றுமே மிச்சமில்லை.